வீடு வாங்கிய காகிதக் கட்டில் இருந்த அபாய அறிக்கை

கலிஃபோர்னியாவில் வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்திடும் காகிதக் கட்டில் 'இயற்கை அபாய அறிக்கை' என்று ஒன்று உண்டு. விற்பவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வெள்ள அபாயப் பகுதியா, அணை உடைந்தால் நீர் பாயும் பகுதியா, கடும் தீ அபாயப் பகுதியா, காட்டுத்தீக்கு வாய்ப்புள்ள வனப்பகுதியா, நிலப்பிளவு ஓடும் பகுதியா, நிலநடுக்கத்தில் மண் குழம்பவோ சரியவோ கூடிய பகுதியா என்று ஆறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று ஒரு கட்டத்தில் குறியிட்டிருக்கும். வட்டி விகிதத்தைத் தசமப் புள்ளிவரை சரிபார்க்கும் நம் மக்கள் இந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பதோடு சரி.

எங்கள் வீட்டில் அதை வரி விடாமல் படித்தவர் அப்பா. பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கலங்கல் என்று காலம் கழித்து ஓய்வு பெற்றவர். அம்மாவோடு ஆறு மாதம் தங்க சான் ஓசே வந்திருந்தார். பகலில் பொழுது போகாமல் அலமாரியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தவர், மாலையில் நான் வந்ததும் அந்தத் தாளை நீட்டினார்.

"ஏம்மா, வெள்ளத்துக்கு இல்லை என்று போட்டிருக்கிறது, அணைக்கு ஆம் என்று போட்டிருக்கிறது. எந்த அணை? இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

மார்கன் ஹில் அருகே கொயோட்டி ஓடையின் குறுக்கே 1950-இல் கட்டிய ஆண்டர்சன் அணை. எங்கள் சான்டா கிளாரா கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், மிகப் பெரிய நீர்த்தேக்கம் அதுதான். பெரிய நிலநடுக்கத்தை அந்த மண் அணை தாங்காது என்ற கவலையில், நீரை வெளியேற்றச் சொல்லி 2020-இல் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்காணையம் உத்தரவிட்டது. அணையைத் திருத்திக் கட்டும் பெரிய வேலை தொடங்கியது. இதைச் சொன்னதும் அப்பாவுக்குத் தாளைவிட அணைமேல் ஆர்வம் வந்துவிட்டது. அது தனிக் கதை. ஆனால் அந்தத் தாளிலிருந்து எங்களுக்கு ஒரு தெளிவு கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு நிலநடுக்கமும் நீரும் கவலை, தீ அவ்வளவாக இல்லை. இதே கவுண்டியில் லாஸ் கேட்டோஸ் மலைச்சரிவில் இருக்கும் நண்பர்களுக்குத் தீதான் முதல் கவலை, வெள்ளம் கணக்கிலேயே இல்லை. இருவரும் ஒரே 'அவசரகாலப் பட்டியலை' அச்சடித்து ஒரே பையை வாங்கி வைத்துக்கொள்வதில் என்ன பொருள்?

நிலநடுக்கம் வந்தால் இருந்த இடத்திலேயே பதுங்க வேண்டும். தீ வந்தால், சொல்வதற்கு முன்பே கிளம்ப வேண்டும். வெள்ளம் என்றால் மேட்டுக்குப் போக வேண்டும், அதுவும் தண்ணீர் தெருவுக்கு வருமுன். மூன்றும் ஒன்றுக்கொன்று எதிரான செயல்கள். எது உங்கள் வீட்டு வாசலுக்கு வரக்கூடியது என்று தெரியாமல் செய்யும் ஏற்பாடு, வியாதி தெரியாமல் மருந்துக் கடையில் நின்று மாத்திரை வாங்குவது போலத்தான்.

2022 அக்டோபர் 25, காலை 11:42. சான் ஓசேக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதியில், கலவெராஸ் நிலப்பிளவில் 5.1 அளவு நிலநடுக்கம். நான் மவுண்டன் வியூவில் அலுவலகத்தில் இருந்தேன். மைஷேக் செயலி கைபேசியில் அலறிய சில நொடிகளில் மேசை ஆடியது. பெர்க்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய செயலி அது. நிலநடுக்கத்தை முன்கூட்டிக் கணிப்பதில்லை, தொடங்கிவிட்ட நடுக்கத்தின் முதல் அலையைக் கருவிகள் பிடித்ததும், வலுவான அலை நம்மை எட்டுமுன் செய்தியை அனுப்பிவிடுகிறது. மையத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லை. என் வீடு என் அலுவலகத்தைவிட மையத்துக்கு மிக அருகில்.

வீட்டில் அம்மா சமையலறையில் சாம்பாரைக் கொதிக்க விட்டிருந்தார். அப்பா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. பூஜை அலமாரியின் மேல்தட்டில் இருந்த குத்துவிளக்கு, அவர்கள் கடந்துபோன இடத்தில்தான் விழுந்து கிடந்தது. கவுண்டியில் பெரிய சேதம் எதுவும் இல்லை, எங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடிச் சட்டம் உடைந்ததோடு சரி. ஆனால் அன்று இரவு வீட்டில் நடந்த விவாதம் அந்த நடுக்கத்தைவிட நீளமானது.

"வெளியே ஓடாமல் என்ன செய்வது? கட்டடம் தலையில் விழாதா?" என்றார் அப்பா. ஊரில் செங்கல்லும் சுண்ணாம்பும் கான்கிரீட்டும் பார்த்தவருக்கு அது இயல்பான கேள்வி. இங்கே தனிவீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. ஆடும், கிரீச்சிடும், விரிசல் விடும். மொத்தமாக நொறுங்கி விழுவது அரிது. இங்கே காயங்கள் அதிகமும் வருவது மேலிருந்து விழும் பொருள்களாலும், உடைந்த கண்ணாடியாலும், ஆடும் தரையில் ஓடித் தடுக்கி விழுவதாலும்தான். வாசல் பக்கம் செங்கல் புகைபோக்கி இருந்தால், ஓடி நிற்கும் இடமே மோசமான இடம். அதனால்தான் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித் தருவது இதுதான்: தரையில் தாழ், மேசைக்கு அடியில் பதுங்கு, மேசைக் காலைப் பிடித்துக்கொள். கட்டிலில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடு. முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத என் அம்மா போன்றவர்களுக்கு, நாற்காலியிலேயே குனிந்து தலையையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்வது போதும். தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடமும் மேலே வீடுகளுமாக உள்ள பழைய அடுக்குமாடிகளின் கதை வேறு. அவை நிலநடுக்கத்தில் பலவீனமானவை. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை வலுப்படுத்தியிருக்கிறார்களா என்று உரிமையாளரிடம் கேட்பது நல்லது. ஆடும்போது பதுங்கும் முறை மட்டும் அங்கேயும் இதேதான்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடும்போது அடுப்பை அணைக்கக் கை நீட்ட வேண்டாம். கொதிக்கும் குழம்பு மேலே கொட்டும். நின்றபிறகு அணைத்தால் போதும். எரிவாயுவின் முதன்மை வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அது பக்கவாட்டுச் சந்தில் மீட்டர் அருகே இருக்கிறது. ஸ்பேனரால் கால் சுற்றுத் திருப்பி, வால்வின் பட்டை குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. ஸ்பேனரை அங்கேயே கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். அப்பா, எதற்கும் உடனே மூடிவிடலாம் என்ற கட்சி. அது கூடாது. வாயு நாற்றம் அடித்தாலோ, சீறும் ஓசை கேட்டாலோ, வீடு பலமாகச் சேதமடைந்திருந்தாலோ மட்டும் மூட வேண்டும். ஒருமுறை மூடிவிட்டால் நாமே திறக்கக் கூடாது, எரிவாயு நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். பெரிய நடுக்கத்துக்குப் பிறகு அவர்கள் கவுண்டி முழுவதும் வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். நம் முறை வர நாள் கணக்கில் ஆகலாம். மின்சாரம் போனால் உடனே விளக்கேற்றுவது அம்மாவின் வழக்கம். தீப்பெட்டியை இருந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டு அங்கே டார்ச் வைத்தேன். முதல் நாள் அம்மாவுக்குக் கோபம்தான்.

அடுத்த சனி, ஞாயிறு வீட்டைச் சுற்றி வந்து, தலைக்கு மேலே இருக்கும் கனமான பொருள்களை எல்லாம் எண்ணினோம். தமிழ் வீட்டுக்கென்றே ஒரு பட்டியல் அமைகிறது. சமையலறை மேலலமாரியில் கல்லோடு ஏற்றி வைத்த மாவு கிரைண்டர். கட்டிலின் தலைமாட்டில் கண்ணாடிச் சட்டமிட்ட முருகன் படம். வெண்கல உருளி. எல்லாவற்றையும் இடுப்புக்குக் கீழே இறக்கினோம். புத்தக அலமாரியைச் சுவருக்குப் பின்னால் உள்ள மரச்சட்டத்தில் திருகாணி போட்டுப் பிணைத்தோம். வாட்டர் ஹீட்டரை மேல்பகுதியில் ஒன்று, கீழ்ப்பகுதியில் ஒன்று என இரண்டு உலோகப் பட்டைகளால் சுவரோடு கட்ட வேண்டும். இது மாநிலச் சட்டமே. அது சாய்ந்தால் எரிவாயுக் குழாய் உடையும். கவிழாமல் நின்றால், குடிநீர் வராத நாளில் 40 அல்லது 50 கேலன் நீர் அதற்குள்ளேயே இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் ஒரு பையில் பழைய காலணிகளும் டார்ச்சும் போட்டு, கட்டில் காலில் கட்டி வைத்தோம். இரவில் நடுக்கம் வந்தால் வெறுங்காலோடு கண்ணாடித் துண்டில் மிதிப்பதுதான் பலருக்கு நேர்கிறது.

இவ்வளவும் ஒரு 5.1-க்கா என்று என் கணவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2014-இலிருந்து 2043-க்குள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 6.7 அல்லது அதைவிடப் பெரிய நிலநடுக்கம் ஒன்றாவது வருவதற்கு 72 சதவீத வாய்ப்பு இருப்பதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 1989 அக்டோபர் 17 மாலை 5:04-க்கு வந்த லோமா ப்ரியட்டா நிலநடுக்கம் 6.9. இறந்தவர்கள் 63 பேர். அவர்களில் 42 பேர் இறந்தது மையத்திலிருந்து வெகுதூரத்தில், ஓக்லாந்தில் இடிந்த சைப்ரஸ் மேம்பாலத்தில். அங்கே அடியில் இருந்தது விரிகுடாவின் மென்சேறு. தூரம் காப்பாற்றவில்லை, மண் ஏமாற்றியது. அறிக்கை மண்ணைப் பற்றியும் ஏன் கேட்கிறது என்பது இதைப் படித்தால் விளங்கும். 1906 நடுக்கத்தை எல்லோரும் சான் பிரான்சிஸ்கோவோடு சேர்த்தே பேசுவார்கள். சான்டா கிளாராவில் இருந்த அக்னியூஸ் மனநல மருத்துவமனையும் அன்று இடிந்து, 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வளாகம் பிற்காலத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ், பிறகு ஆரக்கிள் அலுவலகம் ஆனது. நம்மவர்கள் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளத்தை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது 2017 பிப்ரவரி. அப்போது வாடகை வீட்டில் இருந்தோம். ஆண்டர்சன் அணை உடையவில்லை. நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்தது. 21-ஆம் தேதி கொயோட்டி ஓடை கரை மீறி சான் ஓசேயின் பல குடியிருப்புகளில் புகுந்தது. சுமார் 14,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். ஓடைக்கு அருகே குடியிருந்த எங்கள் நண்பர் குடும்பத்துக்கு, எச்சரிக்கை வருமுன் தண்ணீர் வந்துவிட்டது. படகில் வந்து அழைத்துப் போனார்கள். "நாங்கள் மதகைத் தூக்குமுன் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்டோரா போடுவோம்" என்று அப்பா இதைக் கேட்டுச் சொன்னார். தண்டோராவை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் அந்த நண்பர் கற்றது. மழைக்காலத்தில் நீர்மட்டத்தை அவரே இணையத்தில் பார்க்கிறார்; ஓடைகளின் அளவுமானிகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன.

அந்த வெள்ளத்தில் அவர்களை அதிகம் அலைக்கழித்தது நனைந்த சோபா அல்ல, காகிதம். பாஸ்போர்ட்டுகள், விசா ஒப்புதலான ஐ-797 தாள்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தன. சாக்கடையும் பெட்ரோலும் கலந்த நீர் அது, காயவைத்துப் பயன்படுத்தும் நிலையில் எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு இந்தியத் தூதரகம், விசாத் தாளுக்கு வழக்கறிஞர், சான்றிதழுக்குக் கவுண்டி என்று அலைச்சல். குடியுரிமை உள்ளவனுக்கு வீடு போனால் வீடு மட்டும் போகிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இங்கே இருப்பதற்கான ஆதாரமே போகிறது. ஆகவே எங்கள் பையில் முதலில் போட்டது பிஸ்கட் அல்ல. நீர் புகாத உறையில் அசல் காகிதங்கள், எல்லாவற்றின் படமும் இணையச் சேமிப்பில், இன்னொரு படி டாலஸில் இருக்கும் நாத்தனாரிடம். பெற்றோர் வந்திருக்கும் மாதங்களில் அவர்களுடைய பாஸ்போர்ட், பயணக் காப்பீடு, ஊர் மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டு ஆகியவையும் அதில் சேரும்.

காரைப் பற்றி ஒரு சொல். ஓடும் நீர் ஒரு அடி ஆழம் இருந்தாலே சிறிய கார்களை நகர்த்திவிடும். இரண்டு அடி பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். 'அந்தத் தெருவில் கொஞ்சம்தான் தண்ணீர்' என்று வண்டியை விடுபவரோடு நான் ஏறுவதில்லை.

தீயைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் புகை மட்டுமே. 2020 ஆகஸ்ட் மின்னல்கள் மூட்டிய, எஸ்.சி.யு. என்று பெயரிட்ட காட்டுத்தீ எங்கள் கிழக்கு மலைகளையும் சேர்த்து 3,96,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. செப்டம்பர் 9 அன்று விரிகுடா முழுவதும் வானம் பகலிலேயே ஆரஞ்சு நிறத்தில் இருண்டது. புகைக்குத் துணி முகக்கவசம் உதவாது, என்-95 வேண்டும். ஒரு அறையின் கதவிடுக்குகளை அடைத்து, காற்றுச் சுத்திகரிப்பானை அங்கே ஓடவிட்டு எல்லோரும் அதற்குள் தூங்கினோம். மலையில் இருக்கும் நண்பர்கள் சொல்வது இன்னும் முக்கியம்: மின்சாரம் இல்லாதபோது கராஜ் கதவைக் கையால் திறக்கும் சிவப்புக் கயிற்றை ஒருமுறையாவது இழுத்துப் பழக வேண்டும். காற்று பலமான நாள்களில் தீயைத் தவிர்க்க மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்துவதுண்டு. கார் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் என்பது பொதுக் கணக்கு. இரண்டு வாரத்துக்கு வைக்கச் சொல்கிறார்கள். ஐந்து பேருக்கு 70 கேலன். எங்கள் கராஜில் அதற்கு இடமில்லை. வாட்டர் ஹீட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்படி வைத்திருக்கிறோம். உணவில் என் அம்மாவின் யோசனை, எந்த அரசுத் துண்டறிக்கையைவிடவும் சிறந்தது. 20 பவுண்டு அரிசி மூட்டை அவசர உணவு ஆகாது; அதற்கு நீரும் நெருப்பும் வேண்டும். அவலை நனைத்தாலே போதும். பொரி, வறுத்த கடலை, சத்துமாவு, வெல்லம், ஊறுகாய், டப்பாப் பால். அம்மா அடுக்கிய டப்பாக்களில் அடுப்பு கேட்பது எதுவுமில்லை. அப்பாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளில் இரண்டு வார அளவு எப்போதும் பையில் தனியாக இருக்கும். பழையதை எடுத்துப் புதியதை வைப்பது அவர் பொறுப்பு.

காப்பீட்டில் எங்களுக்குள் இன்னும் முழு ஒற்றுமை இல்லை. சாதாரண வீட்டுக் காப்பீடு தீக்கு உண்டு. வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் கிடையாது. இதைத் தெரியாத நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு வாங்கிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்; வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்கிப் பயனில்லை. எங்கள் இடம் அதிக அபாயப் பகுதி அல்ல என்பதால் கட்டணம் தாங்கும்படி இருந்தது, எடுத்துவிட்டோம். நிலநடுக்கக் காப்பீட்டில் நாமே ஏற்க வேண்டிய பங்கு 5 முதல் 25 சதவீதம். வீட்டை 6 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்து 15 சதவீதம் தேர்ந்தெடுத்தால், முதல் 90 ஆயிரம் நம் கையிலிருந்து. "இதற்குப் பெயர் காப்பீடா?" என்றார் அப்பா. ஆனால் வீடு முழுதாகப் போனால் கடன் மட்டும் போகாது என்பது என் வாதம். வீட்டை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இணைக்கும் வேலையை முதலில் செய்வோம் என்பது கணவர் வாதம். பழைய வீடுகளுக்கு, தேர்ந்தெடுத்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில், அதற்கு 3,000 டாலர் வரை மாநில மானியத் திட்டம் இருக்கிறது. அவர் சொன்னபடி போல்ட் முதலில் ஆயிற்று. காப்பீட்டுப் பேச்சு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

பெற்றோரை வரவழைக்கும் நண்பர்களுக்கு இப்போது ஒரு தாளை அனுப்புகிறேன். பகலில் அவர்கள் வீட்டில் தனியாக இருப்பார்கள், வண்டி ஓட்ட மாட்டார்கள், எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தால் சிலர் கைபேசியைத் திருப்பி வைத்துவிடுவார்கள். விமானம் இறங்கிய வாரமே அவர்கள் எண்ணைக் கவுண்டியின் அலர்ட்-எஸ்.சி.சி. எச்சரிக்கை அமைப்பில் நம் வீட்டு முகவரியோடு பதிவு செய்யுங்கள், மைஷேக் செயலியைப் போட்டு அதன் அலறலை ஒருமுறை கேட்கச் செய்யுங்கள். வீட்டு முகவரி, அவசர உதவி எண் 911, பக்கத்து வீட்டுக்காரர் எண், வெளிமாநில உறவினர் எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போகக்கூடும். வாட்ஸ்அப்புக்கு இணையம் வேண்டும், எனவே சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பப் பழக்குங்கள். எங்கள் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பாட்டிக்கும் அம்மாவுக்கும் பொதுமொழி இல்லை. இருந்தும் எங்கள் வால்வு அவருக்கும், அவர் வீட்டு வால்வு அம்மாவுக்கும் தெரியும். இரண்டு வீட்டு ஸ்பேனரும் ஒரே அளவு.